செங்கல் முகம், கான்கிரீட் முதுகு

வெளிப்பக்கம் செங்கல், உள்பக்கம் கான்கிரீட் பிளாக், இரண்டும் ஒரே சுவராக நின்று பாரம் தாங்கும் கட்டுமான முறை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் வேரூன்றியது. அதற்கு முன் பாரம் தாங்கும் சுவர்கள் பெரும்பாலும் முழுச் செங்கல்லாகவே எழுந்தன. மாடி ஏற ஏற அடிச்சுவர் தடித்தது. 1891இல் சிகாகோவில் கட்டி முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் வடபாதி 16 மாடி. அதன் அடிச்சுவர் 6 அடி தடிமன். அவ்வளவு செங்கல்லும் கூலியும் எளிதில் கட்டுபடியாகாது.

ஹார்மன் பால்மர் 1900இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், நடுவே பொள்ளலுள்ள கான்கிரீட் கல்லை வார்ப்பதை எளிதாக்கியது. 1917இல் பிரான்சிஸ் ஸ்ட்ராப் நிலக்கரிக் கசடு கலந்த பிளாக்குக்கு உரிமை பெற்றார். எடை குறைந்தது, கொத்தனாரின் கைக்குச் சுலபமாயிற்று. பிளாக் மலிவு, வேலை விரைவு. ஆனால் தெருவைப் பார்த்த முகத்துக்குச் செங்கல்லையே மக்கள் விரும்பினார்கள். முன்னே ஒரு வரிசை செங்கல், பின்னே பிளாக் என்ற ஏற்பாடு அப்படித்தான் நிலைத்தது. பிளாக்கின் உயரம் சாந்தோடு சேர்த்து 8 அங்குலமாகவும், செங்கல் 3 வரி சேர்ந்து அதே 8 அங்குலமாகவும் வந்தது இதற்குப் பெரிய உதவி. இரு பக்கமும் ஒரே மட்டத்தில் சந்தித்தால்தான் அவற்றைப் பிணைக்க முடியும்.

இந்தச் சுவரின் பலம் முழுவதும் அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. தலா 4 அங்குலமுள்ள இரண்டு அடுக்குகளும் ஒரே பொருளால் ஆனவை என்று வைத்துக்கொள்வோம். அவை ஒட்டாமல் தனித்தனியே வளைவதைவிட, ஒன்றாகப் பிணைந்து 8 அங்குலச் சுவராக வளையும்போது விறைப்பு 4 மடங்கு. வளைவைத் தாங்கும் திறன் 2 மடங்கு. செலவு ஏறக்குறைய அதேதான்.

தொடக்கத்தில் பிணைப்பைச் செய்தது செங்கல்லேதான். ஆறேழு வரிக்கு ஒருமுறை செங்கல்லைக் குறுக்கே திருப்பி, அதன் வால்பகுதியைப் பின்சுவருக்குள் செருகினார்கள். குறுக்குக் கற்கள் சுவர்ப் பரப்பில் 4 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, பின்சுவருக்குள் 3 அங்குலமாவது நுழைய வேண்டும் என்பது பின்னர் விதியாயிற்று.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. சூளையிலிருந்து வறண்டு வரும் செங்கல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் மெல்லப் பருக்கிறது. தண்ணீர் கலந்து வார்த்த பிளாக்கோ உலர உலரச் சுருங்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்க, நடுவில் மாட்டிய குறுக்குக் கல் விரிசல் காணும். குறுக்குக் கல்லின் ஓரமாக மழைநீரும் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

கம்பி வலுவூட்டாத சுவர் என்ன ஆகும் என்பதை 1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் நிலநடுக்கம் காட்டியது. கம்பி வைக்காத செங்கல் சுவர்கள் சரிந்தன. பள்ளிக் கட்டடங்கள் பல நொறுங்கின. மாலை நேரமாதலால் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டடங்களுக்கான ஃபீல்டு சட்டம் வந்தது. இரு அடுக்குக்கும் இடையே கம்பி நிறுத்தி, இளகிய கான்கிரீட் குழம்பு ஊற்றும் முறை அங்கே வலுப்பெற்றது.

மற்ற இடங்களில் உலோகக் கட்டுக்கம்பி குறுக்குக் கல்லின் இடத்தைப் பிடித்தது. 3/16 அங்குலக் கம்பியென்றால் நாலரை சதுர அடிக்கு ஒன்று. கம்பி ஓரளவு நெகிழ்ந்து கொடுப்பதால் சுவர் பிளக்கவில்லை. ஆனாலும் இரு அடுக்குக்கும் நடுவிலுள்ள சாந்தை வடிவமைப்பாளர்கள் அதிகம் நம்புவதில்லை: சாந்து நிரப்பிய இணைப்புக்கு அமெரிக்க விதி அனுமதித்த வெட்டுவிசை சதுர அங்குலத்துக்கு 5 பவுண்டு, குழம்பு ஊற்றியதற்கு 10 பவுண்டு. ஆயிரக்கணக்கான பவுண்டு அமுக்கம் தாங்கும் கற்களுக்கு நடுவே இது மிகச் சிறிய எண். கொத்தனார் அந்த இடைவெளியை அரைகுறையாக நிரப்பினால் அதுவும் கிடைக்காது. கட்டி முடித்தபின் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

பின்னாளில் நடுவே காற்றிடைவெளி விட்டுக் கட்டும் முறை பரவியபோது, மழைநீர் அந்த இடைவெளியிலேயே வடிந்து வெளியேறியது. செங்கல் தன் எடையை மட்டும் சுமக்கும் போர்வையாயிற்று. கூரையின் பாரமும் காற்றின் தள்ளலும் பின்னுள்ள பிளாக் சுவரின் பொறுப்பாயின.