கைத்தறிக்கு இட்ட வேலி

யந்திரம் விரைந்து செய்யவல்ல தொழிலை மனிதர் கைக்கே விட்டுவைப்பது நியாயந்தானா என்ற விவாதம் சென்னை ராஜ்யத்தில் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. துணி விற்பனையாகாமல் தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினியில் வாடிய 1952-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டுமென்று முதலமைச்சர் ராஜாஜி மத்திய சர்க்காரை வற்புறுத்தினார்; அவரை அரசியலில் தீவிரமாக எதிர்த்த அண்ணாவோ, 1953-இல் திருச்சி வீதிகளில் கைத்தறித் துணியைச் சுமந்து விற்றார். அந்த ஆண்டே மில் துணிக்குக் கஜத்துக்கு 3 தம்பிடி வீதம் தீர்வை விதிக்கப்பட்டு, அந்தத் தொகை கைத்தறியின் அபிவிருத்திக்கென்று வைக்கப்பட்டது. பின்னர் 1985-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கு ஒதுக்கப்பட்டன. அவை நாளடைவில் 11 ஆகச் சுருங்கின.

இந்த வேலிக்குள்ளே காக்கப்பட்டது எது என்பதைத் தறியருகே நின்று பார்த்தால்தான் விளங்கும். உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு, ஊடையை ஓட்டும் நாடாக்கள் மூன்று வேண்டும். குழித்தறியில் கால்களை இறக்கி அமர்ந்த நெசவாளர் மிதியை மாற்றி மாற்றி அழுத்திச் சேலையின் உடலை நெய்துவர, பக்கத்தில் உட்கார்ந்த உதவியாள் கரைக்குரிய நாடாவைத் தள்ளிக்கொடுக்க, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் இழைக்கிழை ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. சாதாரண விசைத்தறிக்கு எளிதில் வசப்படாத இந்த வித்தை, எவ்வளவு பொருள் செலவழித்தும் ரக்ஷிக்கத் தக்கதே. ஆனால் அந்த உதவியாள் நெடுங்காலமாகப் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளையாகவே இருந்தான் என்பதையும், பாவுக்குக் கஞ்சி போட்டுத் தார் சுற்றிக் கொடுக்கும் வீட்டுப் பெண்களின் உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாதென்பதையும் எண்ணும்போது நெஞ்சு பதறுகிறது.

இன்ன துணியை இன்ன தறியில்தான் நெய்யலாம் என்று விதித்த சட்டம், நெய்பவருக்கு இன்ன கூலி தரவேண்டுமென்று விதிக்கவில்லை. விசைத்தறி அப்படியே நெய்துவிடக்கூடிய வெள்ளை வேட்டியை நெய்வதற்காக ஒரு குடும்பம் அரைவயிற்றோடு குழித்தறியில் கிடக்கவேண்டுமென்று கேட்பது தர்மமாகாது. அவர்களுக்கு உடனே வேண்டியது, ஜீவனத்துக்குக் குறையாத மானியத்தோடு வேறு தொழில் பழகும் வசதியே. கோர்வை போன்ற நுண்தொழிலைக் காப்பாற்ற விரும்பும் சர்க்கார், தறியைக் காக்கும் அதே சட்டத்திலேயே, உதவியாளும் வீட்டுப் பெண்களும் பங்குபெறும்படியான கூலியையும் நிர்ணயித்து எழுதவேண்டும்.