இறையியல் வகுப்பில் ஒரு பெண்

ஒரு கல்லூரியின் வரலாற்றை அறிய அதன் கட்டடங்களைப் பார்த்தால் போதாது. வகுப்பில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்பதையும் பார்க்க வேண்டும். சமய ஊழியத்திற்கு ஆயத்தம் செய்யும் இறையியல் கல்லூரிகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஆலயத்தில் நின்று போதிப்பவர் யார் என்பதை அவற்றின் மாணவர் பட்டியலே பெரும்பாலும் முடிவு செய்தது. அமெரிக்காவில் அப்பட்டியல் மாறிய வரலாற்றை இன்று காண்போம், நேயர்களே.

ஓஹையோ மாநிலத்தில் 1833-ஆம் ஆண்டு ஓபர்லின் கல்லூரி நிறுவப்பெற்றது. 1835-இல் கறுப்பின மாணவர்களை ஏற்க முடிவு செய்த அக்கல்லூரி, 1837-இல் பட்டப்படிப்பில் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் இறையியல் வகுப்பு ஆண்களுக்கே உரியதாக இருந்தது.

1847-இல் அந்தோனெட் பிரவுன் என்னும் பெண்மணி அவ்வகுப்பில் இடம் கேட்டார். சபையில் பெண்கள் பேசலாகாது என்னும் கருத்தில் பவுல் அடிகளார் எழுதியுள்ளாரே என்றனர் மறுத்தோர். பாடம் கேட்க அனுமதி கிடைத்தது. முறையான மாணவி என்னும் தகுதி கிடைக்கவில்லை. பிரவுன் மனந்தளரவில்லை. பவுலின் அதே வாசகங்களை ஆராய்ந்து, அவை பெண்கள் போதிப்பதைத் தடுக்கவில்லை என்று கட்டுரை எழுதினார். ஓபர்லின் காலாண்டிதழே அதனை 1849-இல் வெளியிட்டது!

1850-இல் படிப்பை முடித்தார், பட்டம் வழங்கப்படவில்லை. எனினும் 1853-இல் நியூயார்க் மாநிலத்துச் சவுத் பட்லர் என்னும் சிற்றூர்ச் சபை அவரைத் தன் போதகராக நியமித்துக் குருப்பட்டம் அளித்தது. ஓபர்லின் அவருக்கு இறையியல் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1908-இல்தான். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார்.

மற்றக் கல்லூரிகள் மெல்லவே நடந்தன. 1816-இல் தோன்றிய ஹார்வர்டு இறையியல் பள்ளி, 1955-இல்தான் பெண்களைச் சேர்த்தது. தயக்கத்திற்குக் காரணம் என்ன? படித்தாலும் ஊழியத்தில் அமர வழியில்லாதபோது, படிக்க வருவோர் சிலரே. 1956-இல் மெதடிஸ்ட் சபை பெண் போதகர்களுக்கு முழு உரிமை தந்தது. 1970-இல் லுத்தரன் சபைகள் சிலவும், 1976-இல் எபிஸ்கோபல் சபையும் பெண்களுக்குக் குருத்துவத்தைத் திறந்தன. சபையின் வாயில் திறக்கவே வகுப்பும் நிறைந்தது. அமெரிக்க, கனடா நாடுகளின் இறையியல் கல்லூரிகளில் 1972-இல் ஏறத்தாழப் பத்தில் ஒருவராக இருந்த பெண்கள், அந்நூற்றாண்டின் முடிவில் மூன்றில் ஒருவராயினர்.

ஆகவே, மாணவர் எண்ணிக்கை வெறும் கணக்கன்று. கல்விக்கூடம் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. கற்றவருக்குச் சமுதாயமும் பணி கொடுக்க வேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.