வறட்சி ஈன்ற உரிமை

நம் காலனியில் மாதச் சம்பளம் பெறுவோர் சம்பளச் சீட்டில் 'தொழில் வரி' என்றொரு சிறு பிடித்தம் காணப்படும். பெரும்பாலோர்க்கு மாதம் 200 ரூபாய்; பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாய்; ஆக, ஆண்டுக்கு 2500 ரூபாய். வருமான வரியைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடும் நாம் இதனை ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆயினும் இச்சிறு தொகையின் பின்னே, நமக்கு வாழ்வளித்த இம்மராட்டிய மண்ணின் பெருந்துயர் ஒன்றும், அத்துயரிடையே பலர் கூடி எழுப்பிய அறம் ஒன்றும் மறைந்து நிற்கின்றன. ஆண்டு விழா மலரில் அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

பஞ்சம் நம்மவர்க்குப் புதிதன்று. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லி நடுங்கிய 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சம், தமிழகத்தை மட்டுமன்றிப் பம்பாய் மாகாணத்துத் தக்காண மாவட்டங்களையும் வாட்டியது. சென்னை நகரில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்நாளில் நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அப்பேரழிவின் பின்னர் ஆங்கில அரசு விசாரணைக் குழு அமைத்தது. 1880இல் அதன் அறிக்கை வெளிவந்தது. அதனை ஒட்டிப் பஞ்ச விதிகள் தொகுக்கப்பட்டன. ஆனால் அவ்விதிகளில் ஒரு குறை இருந்தது. பஞ்சம் வந்ததென அரசு அறிவித்தால் வேலைத்தலம் திறக்கும். தீர்ந்ததென அறிவித்தால் மூடும். திறவுகோல் அதிகாரியின் கையில் இருந்ததேயன்றிப் பசித்தவன் கையில் இல்லை.

அந்நிலை ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1970 முதல் மகாராட்டிரத்தில் மழை குறைந்துகொண்டே வந்தது. 1972இல் முற்றும் பொய்த்தது. சோலாப்பூர், பீட், சாங்லி முதலிய மாவட்டங்களில் கிணறுகள் வறண்டன, கால்நடைகள் மடிந்தன, சிறு நிலம் உடையவரும் கூலிக்காரரோடு வரிசையில் நின்றனர். சாலை போடுதல், கல் உடைத்தல், வரப்பமைத்தல், குளம் வெட்டுதல் எனப் பல்லாயிரம் வேலைத்தலங்கள் திறக்கப்பட்டன. 1973ஆம் ஆண்டு மே மாதத்தில் அவற்றில் உழைத்தோர் தொகை ஏறத்தாழ 50 இலட்சம். தாது வருடத்தைப் போன்ற பேரழிவு இம்முறை நேரவில்லை.

இதனை எவர் ஒருவரின் சாதனையெனக் கூறுவது? முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் அரசு வேலைகளைத் திறந்தது உண்மை. ஆனால் அவை போதா, கூலி போதாது என்று தட்டிக் கேட்டவர்கள் எதிர்க்கட்சியினர். நிவாரணத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் திரண்டு வேலைநிறுத்தமும் செய்தனர். பம்பாயில் விலைவாசி உயர்வை எதிர்த்து, சோசலிஸ்டான மிருணாள் கோரேயும் மார்க்சிஸ்டான அகில்யா ரங்கணேக்கரும் ஒரே அணியில் நின்றனர். இல்லத்தரசிகள் பூரிக்கட்டையை ஏந்தி வீதிக்கு வந்தனர்.

இவர்களோடு சிறப்பாக எண்ணத்தக்கவர் வி. ச. பாகே. சட்ட மேலவைத் தலைவராய் இருந்த இவர், வறட்சிக்கு முன்னரே சாங்லி மாவட்டத்துத் தாஸ்காவ் வட்டத்தில் ஒரு முயற்சி செய்து பார்த்தவர். கேட்டவர்க்கு வேலை என்பதே அவர் கொள்கை. அரசு பஞ்சத்தை அறிவிக்கும்வரை காத்திராமல், உழைக்க விரும்பும் எவரும் எக்காலத்தும் வேலை கேட்கலாம் என்பது அதன் பொருள். 1972இல் இது மாநிலத் திட்டமாயிற்று. வறட்சி முடிந்ததும் நிவாரண வேலைகள் மூடப்பட்டன, இத்திட்டமோ நிலைத்தது.

நிலைக்கப் பொருள் வேண்டுமன்றோ? அங்கேதான் நம் சம்பளச் சீட்டு வருகிறது. இத்திட்டத்திற்கெனவே 1975இல் தொழில் வரி விதிக்கப்பட்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்து கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்கு ரயிலேறிச் சென்ற தமிழ்க் குமாஸ்தாவும் அதனைச் செலுத்தினார். விற்பனை வரி, மோட்டார் வாகன வரி, பாசன நிலம் ஆகியவற்றின்மீதும் கூடுதல் சுமை ஏற்றப்பட்டது. இவ்வாறு திரண்ட தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கை இட்டது. 1977இல் சட்ட அவைகள் இரண்டும் ஒருமனதாக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றின. 1979 ஜனவரி 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தரவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ஒரு ரூபாயேனும் படி தரவேண்டும் என்பது விதி. ஒரு ரூபாய் சிறிதுதான். ஆனால் அது பிச்சையன்று, கடன்பட்ட அரசு செலுத்தும் கடன் என்பதே இதன் பெருமை.

எல்லோரும் அருளாளராகவே இதில் சேர்ந்தனர் என்று நாம் மயங்க வேண்டுவதில்லை. நகரத்தார் சிலர், கிராமத்து ஏழைகள் பம்பாய்த் தெருக்களில் வந்து குவியாதிருக்கட்டும் என எண்ணினர். நிலக்கிழார் தம் வயலுக்கு நீரும் வரப்பும் கிடைக்குமென நினைத்தனர். தொழிலாளர் சங்கத்தாருக்குக் கூலியே குறிக்கோள். நோக்கங்கள் வேறாயினும் செயல் ஒன்றாயிற்று. தலைமை என்பது ஒருவர் முன்னே நடக்க மற்றோர் பின்னே செல்வதன்று. வேறுபட்டோர் ஒரே சுமைக்குத் தோள் கொடுப்பது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. கூலி தாமதப்பட்டது, திரட்டிய நிதி செலவாகாமல் தேங்கிய ஆண்டுகள் உண்டு. மக்கள் கூடிக் கேட்ட இடத்தில் சட்டம் விழித்திருந்தது. கேளாத இடத்தில் உறங்கிற்று. ஆயினும் இதன் வித்தே 2005இல் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டமாக முளைத்தது. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கி, 2008 ஏப்ரலில் ஊரகம் முழுதும் பரவியது. 2020இல் பெருந்தொற்று நாளில் நகரங்களிலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களை நாம் கண்ணால் கண்டோம். 2020-21ஆம் ஆண்டில் அச்சட்டத்தின்கீழ் வேலை பெற்ற குடும்பங்கள் 7 கோடிக்கும் மேற்பட்டவை. பாகே இட்ட வித்து, அவர் காணாத துன்பத்திலும் நிழல் தந்தது.

நாமும் பிழைப்புத் தேடி வந்தவர்களே. ஊரில் வேலை இருந்திருப்பின் நம் முன்னோர் பலர் மதராஸ் மெயிலில் ஏறியிருக்க மாட்டார்கள். ஆகவே ஊரிலேயே வேலை வேண்டும் என்னும் குரலின் பொருள் நமக்கு நன்கு விளங்கும். இனி மாத முடிவில் சம்பளச் சீட்டைக் காணும்போது, அச்சிறு பிடித்தத்தை இழப்பென எண்ணாதிருப்போம். அது நாம் அறியாத ஒரு மராட்டியத் தாயின் அடுப்பில் எரிந்த நெருப்பு. அதில் நமக்கும் பங்குண்டு. அது சரிவரச் செலவாகிறதா எனக் கேட்கும் கடமையும் உண்டு.