ஜேர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் மொழியை எங்கே படிப்பது?

சித்தி காணி உறுதியை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு மேசையில் வைத்திருந்தார். தங்கச்சியை ஜேர்மனிக்குப் படிக்க அனுப்ப ஒரு முகவர் 55 இலட்சம் ரூபா கேட்டிருக்கிறார். மொழி வகுப்பு, பல்கலைக்கழகப் படிப்பு, சம்பளத்தோடு தொழில் பயிற்சி, மூன்றும் அதற்குள் அடக்கமாம். "மொழி இப்ப தேவையில்லையாம், அங்க போய்ப் படிக்கலாமாம். நீ அங்க இருந்தனிதானே, சொல்லு" என்றார் சித்தி. சித்தப்பா 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அந்த ஆறு பரப்புக் காணியை விட்டால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை.

முகவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 2017இல் நானும் அப்படித்தான் போனேன். யாழ்ப்பாணத்தில் ஊடகக் கற்கைப் பட்டம் முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலைப் படிப்பு ஒன்றுக்கு அனுமதி பெற்றேன். பல்கலைக்கழகம் ஜேர்மன் மொழிச் சான்றிதழ் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை இலவச மொழி வகுப்பு நடத்தினார்கள். போதும் என்று நினைத்தேன்.

அங்கே ஒரு செமஸ்ரருக்கு 30 கற்றல் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதாவது ஆறு மாதத்தில் 750 முதல் 900 மணி நேரம். விரிவுரையில் இருந்து குறிப்பெடுத்துப் பாடமாக்கி எழுதிப் பழகிய எனக்கு, ஒவ்வொரு வாரமும் வாசித்துவிட்டு வந்து வாதாடுவதும், செமஸ்ரர் முடிவில் நீண்ட கட்டுரை எழுதுவதும் பெரிய அடியாக இருந்தது. முதலில் கைவிட்டது மொழி வகுப்பைத்தான். அதற்குப் புள்ளி இல்லையே.

2018 கோடையில் கட்டாயத் தொழில் பயிற்சி வந்தது. ஒரு உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் இடம் கிடைத்தது. காலைக் கூட்டம் முழுவதும் ஜேர்மன் மொழியில். எல்லோரும் சிரிக்கும்போது நானும் சிரிப்பேன். பழைய படங்களை அடுக்கும் வேலை தந்தார்கள். ஒரே ஒரு நாள் வெளியே அனுப்பினார்கள், ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு. 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில் அது. ஐரோப்பா முழுவதிலும் இருந்து எங்கட சனம் வரும். அன்று நான் எடுத்த செவ்விகளை வேறு எவரும் எடுத்திருக்க முடியாது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்னொருவர் ஜேர்மனில் எழுதினார். கட்டுரை அவருடைய பெயரில் வந்தது. கோபப்பட எனக்கு உரிமை இருக்கவில்லை.

கோயிலில் பெரியப்பாவைக் கண்டேன். எண்பதுகளில் அகதியாக வந்தவர். "எங்களை ஒருத்தரும் பாசை படிக்க விடேல்லை, வேலை செய்யவும் விடேல்லை. குசினியில கோப்பை கழுவித்தான் பாசை பிடிச்சனான். நீ படிக்க வந்தும் ஏன் படிக்கேல்லை?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சித்தியிடம் நான் கணக்கில் இருந்து தொடங்கினேன். ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. செமஸ்ரர் பங்களிப்பு மட்டும் உண்டு. பாடன்-வூட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் செமஸ்ரருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு வேண்டிய பெரிய தொகை முடக்கக் கணக்கில் போடும் பணம். நான் போனபோது ஆண்டுக்கு 8,640 யூரோவாக இருந்தது, 2024 செப்டெம்பரில் 11,904 ஆனது. 40 இலட்சம் ரூபாவைத் தாண்டும். இது எவருக்கும் கொடுக்கும் கட்டணம் அல்ல. மாணவரின் பெயரிலேயே இருந்து, மாதம் 992 யூரோவாக அவர் கைக்கே திரும்பி வரும். முகவரின் 55 இலட்சத்தில் பெரும்பங்கு தங்கச்சியின் சொந்தச் சாப்பாட்டுக் காசு. காணியை ஈடு வைத்து அதைக் கட்டினால், அவள் சாப்பிட்டு முடிப்பாள். வட்டி இங்கே ஓடும்.

முடக்கக் கணக்குக்குப் பதிலாக, அங்குள்ள உறவினர் பொறுப்புப் பத்திரம் கொடுக்கலாம். மாமாமார் உற்சாகமாகச் சம்மதித்துவிடுவார்கள். அது சும்மா கையெழுத்து இல்லை. அரசு அந்த மாணவருக்குச் செலவழிக்க நேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் வரை அவரிடம் அறவிடலாம். கேட்கும்போது இதையும் சொல்லிக் கேளுங்கள்.

"சம்பளத்தோடு பயிற்சி" என்பதுதான் எனக்கு எரிச்சல் தந்தது. படிப்பின் பகுதியான கட்டாயப் பயிற்சிக்கு அடிப்படைச் சம்பளச் சட்டம் பொருந்தாது. எனக்கு ஒரு சதமும் தரவில்லை, அது சட்டப்படி சரி. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். கட்டாயப் பயிற்சி அந்த நாட்களில் சேராது. விரும்பிச் செய்யும் பயிற்சி சேரும். படிப்போடு சம்பளமும் வேண்டுமென்றால் 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்கல்வி வேறாக இருக்கிறது. வாரத்தில் சில நாள் நிறுவனத்தில், சில நாள் தொழிற்பாடசாலையில். 2025இல் தொடங்குபவர்களுக்கு முதலாண்டின் குறைந்தபட்சக் கொடுப்பனவு மாதம் 682 யூரோ. தாதியர் பயிற்சிக்கு அதைவிட நன்றாகக் கொடுப்பார்கள். ஆனால் வாசலிலேயே பி1 அல்லது பி2 மொழித் தரம் கேட்பார்கள்.

உயர்தரத்தோடு இளநிலைப் படிப்புக்குப் போகிறவர்களில் பலர் முதலில் ஓராண்டு 'ஸ்ரூடியன்கொலெக்' என்ற ஆயத்தக் கல்லூரிக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் பெறுபேறு எந்த வகைக்குள் வருகிறது என்பதை ஜேர்மன் அரசின் 'அனபின்' தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இதற்கு முகவர் தேவையில்லை.

கோதே நிறுவனத்தின் மதிப்பீட்டில், பி1 எட்ட 350 முதல் 650 பாடவேளைகள் வேண்டும், ஒவ்வொன்றும் 45 நிமிடம். சி1 எட்ட 800 முதல் 1,000. அங்கே மாதம் 992 யூரோ கரையக் கரைய இதைப் படிப்பதா, வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இங்கே படிப்பதா? ஆங்கிலத்தில் படிக்கப் போகிறவர்களும் பி1 முடித்துவிட்டுப் போங்கள் என்பேன். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதங்கள் வதிவிட அனுமதி தருகிறார்கள். எனக்கு அது மொழி இல்லாமல் கழிந்தது.

ஆவணங்களுக்கும் நேரம் வேண்டும். தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் இறுதிப் போரில் இடம்பெயரும்போது போனது. பிரதேச செயலகத்தில் பதிவு இருந்ததால் பிரதி எடுத்தோம். பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். பெயரின் எழுத்துகள் கடவுச்சீட்டிலும் பெறுபேற்றுத் தாளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். அவளுக்கு ஒரு 'எச்' கூடுதலாக இருந்தது. ஒரு 'எச்' திருத்த நாங்கள் பட்ட பாட்டுக்கு இன்னொரு கட்டுரை எழுதலாம்.

முகவருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தங்கச்சி ஒன்றரை ஆண்டு படித்துவிட்டு, கொழும்பு கோதே நிறுவனத்தில் பி1 பரீட்சை எழுதினாள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும். வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றும் சித்தி. பேச்சில் 54. தவறிய பகுதியை மட்டும் திரும்ப எடுக்கலாம். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஹம்மில் இருக்கும் பெரியப்பாவோடு வட்சப்பில் ஜேர்மனில் கதைக்கிறாள். அவருடைய இலக்கணம் பிழை என்று அவளே திருத்துகிறாளாம். உறுதி இன்னும் சித்தியின் அலுமாரியில்தான் இருக்கிறது.