'கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்': ஒரு ரிப்போர்ட்டின் வரலாறு

1/ டயாலிசிஸ்ல இருக்கிறவருக்கு கிட்னி தர அம்மாவோ மனைவியோ முன்வர்றாங்க. ரிப்போர்ட் வருது: "கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்." பல மாத அலைச்சல் அந்த ஒரு வரியில நின்னுடுது. அந்த பாசிட்டிவ் எப்பவுமே உண்மையா? கொஞ்சம் வரலாறு பார்ப்போம் மக்களே.

2/ 1960களில், ரத்த வகை பொருந்தியும் சில கிட்னிகள் பொருத்திய சில நிமிடங்களில், சில மணி நேரத்தில் கருத்துப்போயின. காரணம், நோயாளியின் ரத்தத்தில் ஏற்கனவே இருந்த எச்.எல்.ஏ. ஆன்டிபாடிகள். ரத்தம் ஏற்றியது, கர்ப்பம், முந்தைய மாற்று சிகிச்சை, இவற்றால் உருவாகுபவை.

3/ அமெரிக்காவில் பால் டெராசாகி 1964-ல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். தானம் தருபவரின் வெள்ளணுக்களோடு நோயாளியின் சீரத்தையும் முயலின் காம்ப்ளிமென்ட்டையும் சேர்க்கணும். அணுக்கள் செத்தா பாசிட்டிவ்.

4/ 1969-ல் படேலும் டெராசாகியும் தந்த கணக்கு: பாசிட்டிவா இருந்தும் மாற்று செய்த 30 பேரில் 24 கிட்னிகள் உடனே வீணாயின. நெகட்டிவ் 195 பேரில் 8 மட்டுமே. அதுக்கப்புறம் இந்த டெஸ்ட் இல்லாம ஆபரேஷன் இல்லைன்னு ஆச்சு. வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்தது 1971-ல்.

5/ ஆனா அணுக்கள் வேற காரணத்தாலும் சாகும். லூபஸ் நோயாளிகளுக்குத் தன் வெள்ளணுக்களையே தாக்கும் ஐ.ஜி.எம். ஆன்டிபாடி இருக்கலாம். அது பெரும்பாலும் புது கிட்னியைக் கெடுக்காது. ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டிருந்தாலும் பி-செல் கிராஸ்மேட்ச் பொய்யா பாசிட்டிவ் காட்டும்.

6/ 2000களில் லுமினெக்ஸ் மணிகள் வந்தன. ஒரு மணியில் ஒரே ஒரு எச்.எல்.ஏ. புரதம். ரொம்ப நுட்பமான டெஸ்ட். ஆனா 2008-ல் டெராசாகியும் பங்கெடுத்த ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கு மேல் இதில் பாசிட்டிவ்! மணியில் ஒட்டும்போது சில புரதங்கள் உருக்குலைந்து, உடம்பில் மறைந்திருக்கும் பகுதி வெளியே தெரியுது. ஆன்டிபாடி அதைப் பிடிச்சுக்குது. உயிருள்ள கிட்னியில் அந்தப் பகுதி வெளியே தெரியாது.

7/ முதலியார்பேட்டையிலிருந்து ஜிப்மர் போனாலும் வேலூர் போனாலும் டாக்டரிடம் இதைக் கேளுங்க: நோயாளியின் சொந்த அணுக்களோடு டெஸ்ட் செய்தாச்சா? ஐ.ஜி.எம்.-ஐ உடைக்கும் டைதயோத்ரைடால் சேர்த்துப் பார்த்தாச்சா? எந்த எச்.எல்.ஏ.-வுக்கு எதிரான ஆன்டிபாடி, அது தானம் தருபவரிடம் இருக்கா?

8/ பழைய ரத்தம் ஏற்றல், கர்ப்பம், கருக்கலைப்பு எதையும் மறைக்காதீங்க. உண்மையான பாசிட்டிவை அலட்சியம் செய்தா கிட்னி போயிடும். பொய்யானதை நம்பினா, கிடைச்ச தானம் கைநழுவிடும்.