வெள்ளித்திரையும் கைபேசித் திரையும்

சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடு இப்படி நகர்ந்துகொண்டே இருந்தாலும், நகரி, சத்தியவேடு பக்கம் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட மண்ணில் வாழும் நமக்கு, ஒரு கலைஞர் எந்த மொழிக்காரர் என்பதைவிட, அவர் குரல் நம் வீட்டுக்குள் எந்த வழியாக வந்தது என்பதே சுவையான செய்தி. அந்த வழியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நம்ம ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்தவர். வி. நாகையா 1904இல் ரேபல்லேயில் பிறந்தார். சித்தூரில் வளர்ந்து நாடக மேடை ஏறினார். 1938இல் 'கிருகலட்சுமி' படத்தில் நடித்தார். 1945இல் வந்த தமிழ் 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு இணையாக நடித்து, தமிழர் வீடுகளிலும் 'சித்தூர் நாகையா' ஆனார். 1965இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனாலும் கைநிறையச் சம்பாதித்து வாரி வழங்கிய அந்த மனிதர் 1973இல் மறைந்தபோது வறுமையில் இருந்தார். நாடக சபா, ஸ்டூடியோ என்று அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலாளி உண்டு. அவர் கதவைத் திறந்தால்தான் கலைஞர் உள்ளே போக முடியும்.

2005இல் அமெரிக்காவில் யூடியூப் தொடங்கியதும் அந்தக் காவலாளி காணாமல் போனார். 2008இல் அதன் இந்தியத் தளம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் துணிந்து நுழைந்தவர்களில் ஒருவர் மதுரை வில்பர் சற்குணராஜ். வெள்ளைச் சட்டை, டை, கறுப்புக் கண்ணாடி! காதல் கல்யாணம், கோழி வறுவல் என்று நம் அன்றாடத்தையே நம்ம ஊர் ஆங்கிலத்தில் பாடி, 2010 வாக்கில் வெளிநாட்டாரையும் பார்க்க வைத்தார். எந்தக் கம்பெனி வாசலிலும் அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

2016இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்ததும் கிராமங்களும் களத்தில் இறங்கின. அதே காலத்தில் ஆந்திரத்தின் மஸ்தானம்மா 'கன்ட்ரி ஃபுட்ஸ்' வழியாக உலகத்துக்குத் தெரிந்தார். நூறு வயதைத் தாண்டியவர், பள்ளிக்கூடம் போகாதவர், சிரித்த முகத்தோடு வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பார். கேமராவைப் பிடித்தவர் அவருடைய கொள்ளுப்பேரன். 2018 டிசம்பரில் பாட்டி மறைந்தபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்தச் சேனலின் சந்தாதாரர்கள்.

அதே 2018இல் புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில், விசேஷங்களுக்குச் சமைத்துப் பழகிய பெரியதம்பி தாத்தாவும் ஐந்து பேரன்களும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கினார்கள். வருஷம் முழுக்க வயல் வேலை கிடைக்காத குடும்பம் அது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் என்ற பெயர் பெற்றார்கள். முதலமைச்சர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அப்படியானால் காவலாளி ஒழிந்துவிட்டாரா? இல்லை, இடம் மாறி நிற்கிறார் என்பதே என் கருத்து. படம் ஏற்ற யாரையும் கேட்க வேண்டாம்; காசு வர வேண்டுமானால் கேட்க வேண்டும். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று 2018இல் கம்பெனி விதி வகுத்தது. முழுநீளப் படங்களின் விளம்பரப் பணத்தில் கலைஞர் பக்கம் 55 விழுக்காடு, மீதி கம்பெனிக்கு. விதியை மாற்றும் உரிமையும் அதன் கையில்தான். நாகையாவின் வறுமை சொல்லும் பாடம் இங்கேயும் பொருந்தும்: புகழ் வேறு, பாதுகாப்பு வேறு.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. திருப்பதியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனால் பெரியதம்பி தாத்தாவின் பேச்சு புரிகிறது, "அம்மா, அம்மிக்கல்னா என்னம்மா?" என்று கேட்கிறார்கள். இது சின்ன லாபமா? மகிழ்ச்சிதான். ஆனால் புதுக்கோட்டைத் தமிழைக் கேட்கும் அந்தப் பிள்ளை, தன் சொந்தப் பாட்டியின் எல்லைத் தமிழை எங்கே கேட்கும்? நகரியில் தறி ஓட்டிய பெரியவர்களும், புத்தூர்க் கட்டு போட்ட கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களும் பேசும் தமிழ் அது. நாலு வார்த்தைக்கு ஒரு தெலுங்குச் சொல் கலந்து வரும். பதிவாகாமலே அது போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் கைபேசி இருக்கிறது, வீட்டில் பெரியவர் இருக்கிறார். அவர் சம்மதத்தோடு பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், ஆண்டு எழுதி வையுங்கள். இணையத்தில் ஏற்றினாலும் ஒரு பிரதியை நம்மிடமே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அதில் நாலு காசு வந்தால், முதல் பங்கு பேசியவருக்கே போகட்டும்.