டாமியின் கண்ணும் என் சொட்டு மருந்தும்

நான் ஆறாவது படிக்கும்போது வீட்டுல ஒரு காக்கர் ஸ்பேனியல் குட்டி இருந்துச்சு. பேரு டாமி. ஆறு மாசக் குட்டியா இருக்கும்போது இடது கண்ணுல, மூக்கோரமா, சிவப்பா பட்டாணி மாதிரி ஒண்ணு பிதுங்கிச்சு. "கட்டி சார், வெட்டிடலாம்"னார் டாக்டர். அப்பாவும் சரின்னுட்டார். வெட்டினதும் கண் பளிச்சுன்னு ஆயிடுச்சு. ஆனா மூணு வருஷம் கழிச்சு அதே கண் வறண்டு, பீளை கட்டி, மங்கியே போச்சு.

அது கட்டியே இல்லைங்கறது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது. நாய்க்கு மூணாவதா ஒரு இமை உண்டு. அதோட அடியில இருக்கிற கண்ணீர்ச் சுரப்பி பிடிமானம் தளர்ந்து வெளிய வர்றதுதான் 'செர்ரி ஐ'. பெரும்பாலும் ரெண்டு வயசுக்குள்ள வரும். கண்ணீர்ல சுமார் மூணுல ஒரு பங்கு இந்தச் சுரப்பியோட வேலை. இதை வெட்டிட்டா எல்லாப் பாரமும் மேல் சுரப்பி மேல விழும். பின்னாடி அதுவும் பழுதானா, கண் பாலைவனம்தான்!

ஒரு காலத்துல வெட்டறதுதான் எல்லா ஊர்லயும் வழக்கம். அமெரிக்காவுல 1985ல ரெனே காஸ்வானும் சார்லஸ் மார்ட்டினும் சுரப்பியை உள்ள தள்ளி, கண்குழி விளிம்போட சேர்த்துத் தைக்கிற முறையை எழுதினாங்க. 1993ல ரியா மோர்கன் குழு, 1980லிருந்து 1990 வரை வந்த 89 கேஸ்களை அலசி வெளியிட்டாங்க. உள்ள வெச்சுத் தைச்ச கண்களைவிட வெட்டின கண்கள்தான் அதிகமா வறண்டிருந்துச்சு. சுரப்பிக்கு ரெண்டு பக்கமும் கீறி, சின்னப் பை மாதிரி தைச்சு, கண்ணீர் வெளிய வர ஓரங்கள்ல வழி விடற முறைக்கு இன்னிக்கும் மோர்கன் பேருதான்.

காஸ்வான் அதோட நிக்கலை. நாய்களுக்குக் கண் வறள்றதுக்குப் பெரும்பாலும் காரணம், உடம்போட எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கறதுதான்னு கண்டுபிடிச்சாங்க. உறுப்பு மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரினை நாய்க் கண்ணுல போட்டுப் பார்த்தாங்க. கண்ணீர் திரும்ப ஊறிச்சு! அமெரிக்காவுல 1995ல நாய்க்குக் களிம்பு, 2002ல மனுஷனுக்குச் சொட்டு மருந்துன்னு அனுமதி கிடைச்சுது.

நாள் முழுக்க மானிட்டரை முறைச்சு எனக்கும் கண் வறண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்தது அதே மருந்து. அதைத் தேடிப் படிச்சப்பதான் இந்தக் கதையெல்லாம் தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவை சொட்டு விடும்போதும் டாமி ஞாபகம்தான்.

உங்க குட்டிக்கு இப்படி வந்து, யாராவது "வெட்டிடலாம்"னா, "உள்ள வெச்சுத் தைக்க முடியுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அன்னிக்கு எங்களுக்குக் கேக்கத் தெரியலை.